டென்சிங்கின் பென்சில் உருவப்படம்: அளவெல்லாம் சரி, ஆனால் மலை ஏறிய முகமாக இல்லை

கேள்வி: மெல்லியகோடு

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மலையேற்றப் பயிற்சி தரும் குழு ஒன்று, தன் நூலக அறையில் மாட்டுவதற்காக டென்சிங் நார்கேயின் உருவப்படத்தைப் பென்சிலில் வரைந்து தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளாக முகங்களை வரைந்துவருகிறேன். இருந்தும் இந்த ஒரு படத்தோடு ஆறு வாரங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் உங்களிடம் வருகிறேன்.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் ஹில்லாரி எடுத்த புகழ்பெற்ற படத்தையே வரைந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த படம்தான். ஆனால் அதைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் அதில் முகமே இல்லை என்பது உறைத்தது. கண்களைப் பனிக்கண்ணாடி மறைக்கிறது; மூக்கையும் வாயையும் ஆக்சிஜன் முகக்கவசம் மறைக்கிறது. உயர்த்திப் பிடித்த பனிக்கோடரியும் அதில் கட்டிய கொடிகளும் அவருடைய நிற்கும் விதமும்தான் அந்தப் படம். உருவப்படம் கேட்டவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது என்று முடிவு செய்து, வேறு சமயங்களில் எடுக்கப்பட்ட அவருடைய மூன்று ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, உடையை மட்டும் உச்சியில் அணிந்திருந்ததைப் போல அமைத்தேன்.

கட்டமிட்டுத்தான் வரைந்தேன், கண்களின் இடைவெளி, கன்ன எலும்பின் அகலம், சிரிக்கும்போது விரியும் வாயின் நீளம் எல்லாவற்றையும் கவராயம் வைத்துச் சரிபார்த்துவிட்டேன். பார்ப்பவர்கள் அனைவரும் "டென்சிங்தானே" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். ஆயினும் அவர் ஓர் ஒளிப்பட நிலையத்தில் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, யாரோ மாட்டிவிட்ட குளிராடையோடு புன்னகைப்பதைப் போலத்தான் இருக்கிறது. கன்னங்களை மென்தாளால் தேய்த்து நிழல் கொடுத்தேன். தோல் மெழுகுபோல வழவழப்பாகிவிட்டது. தலையுறையின் உட்புற இருட்டுக்கு மிக மென்மையான, கறுப்பு கூடிய 8பி பென்சிலை அழுத்தித் தீட்டினேன். சன்னல் பக்கம் திருப்பினால் அந்த இடம் கறுப்பாகத் தெரியாமல் ஈயத்தகடுபோல மின்னுகிறது. பின்னணியை வெள்ளையாக விட்டேன். பனி என்று யாருக்கும் தோன்றவில்லை, வெறும் தாள் என்றே தோன்றுகிறது.

இதோடு இன்னொரு கேள்வியும் மனத்தை உறுத்துகிறது. பிறர் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்த படத்தில் என் கையெழுத்தைப் போடுவது முறையா? போடுவதானால் எங்கே போடுவது? பார்த்து வரைவது வெறும் நகல்தானே என்று நெருங்கிய ஒருவர் சொன்னது முதல் கை ஓடவில்லை.

பதில்: நிழற்கோடு

வணக்கம். நீங்கள் இணைத்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்தேன். முகச்சாயல் பிடிபட்டிருப்பது பெரிய விஷயம். அதை இனித் தொடவே வேண்டாம். உங்கள் சிக்கல் முழுவதும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

நாம் அனைவரும் முகம் வரையக் கற்றுக்கொண்டது மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ விழும் வெளிச்சத்தில். அதில் புருவத்தின் அடியும் மூக்கின் அடியும் தாடையின் அடியும் இருட்டாக இருக்கும். அந்த மூன்று இருட்டுகளைப் போட்டாலே முகம் எழும்பி வந்துவிடும் என்பது கைக்கு ஊறிப்போன பழக்கம். பனிப்பரப்பின் நடுவே நிற்பவனுக்கு அந்த மூன்று இடங்களும் இருட்டாக இருப்பதில்லை. புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே தரையே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. தாடையின் அடிப்பகுதி, மூக்குத்துளைகளின் மேல்விளிம்பு, புருவ எலும்பின் கீழ்ப்பகுதி ஆகியவை கீழிருந்து வெளிச்சம் பெறுகின்றன. உங்கள் படத்தில் இந்த மூன்று இடங்களிலும் 6பி அளவுக்கு இருட்டு இருக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், இவர் அறைக்குள் இருக்கிறார் என்று கண் சொல்லிவிடுகிறது. அந்த இடங்களில் பிசைந்து உருட்டக்கூடிய நீடபிள் ரப்பரைக் கூர்மையாக்கிக்கொண்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, எச்பி அளவுக்குக் கொண்டுவாருங்கள். மிக அடர்ந்த நிழல் முகத்தின் பக்கவாட்டில், காதுக்கு முன்னால் தலையுறை தொடங்கும் இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

பின்னணியைப் பற்றி: அவ்வளவு உயரத்தில் வானம் வெளிர்நீலமாக இருப்பதில்லை. காற்று மெலிந்திருப்பதால் சிதறும் ஒளி குறைந்து, தலைக்கு மேலே கருநீலமாக இருக்கும். கறுப்பு வெள்ளையில் அதைக் கொண்டுவரும்போது வானம் பனியைவிட நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். நம் கை வானத்தை வெளுப்பாகவே விட்டுப் பழகியதால் இது முதலில் தப்பாகப் படும். 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, தோளுக்கு மேலுள்ள வானத்தை ஒரே சீரான இடைச்சாம்பலாக நிரப்பி, தோளுக்குப் பின்னால் ஒரு சரிவின் விளிம்பை மட்டும் தாளின் வெண்மையாகவே விட்டுப் பாருங்கள். பனியை வரைய வேண்டியதில்லை. அதைச் சுற்றியுள்ளதை வரைந்தால் போதும்.

மினுமினுப்புக்கு வருகிறேன். கிராஃபைட் என்பது தகடு தகடாக அடுக்கப்பட்ட கரி. அழுத்த அழுத்த அந்தத் தகடுகள் ஒரே திசையில் படிந்து கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும். 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். இன்றைய எச், பி வரிசையும் அந்தக் கலவையின் விகிதத்தில்தான் நிற்கிறது. களிமண் கூடினால் எச், கிராஃபைட் கூடினால் பி. ஆகவே 8பியில் கறுப்பு கூடும்போதே மினுமினுப்பும் கூடத்தான் செய்யும். தலையுறையின் உட்புறத்துக்குக் கார்பன் பென்சிலோ கரிக்கோல் பென்சிலோ பயன்படுத்தியிருக்க வேண்டும். இப்போது அதன்மேல் தீட்டினால் பிடிக்காது. வழுக்கும் கிராஃபைட்டின்மேல் கரி நிற்பதில்லை என்பதை நானும் ஒரு படத்தைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் ரப்பரால் முடிந்தவரை ஒற்றி எடுத்துவிட்டு, 4பி பென்சிலால் அழுத்தாமல், திசை மாற்றி மாற்றி நான்கைந்து அடுக்குகள் போடுங்கள். முடிந்த பிறகு மேட் ஃபிக்சேட்டிவ், அதாவது பென்சில் கலையாமல் காக்கும் பளபளப்பற்ற பூச்சு, தெளித்தால் மினுமினுப்பு ஓரளவு அடங்கும்.

மென்தாளை இந்தப் படத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். தாளின் சொரசொரப்புதான் இந்த முகத்தின் தோல். தேய்த்ததும் அந்தக் குழிகளெல்லாம் அடைபட்டுவிடுகின்றன.

பதில்: பனிமுகடு

நான் வரைபவன் அல்லன், மலை ஏறுபவன். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் பலமுறை முகாமிட்டிருக்கிறேன், கூடாரத்துக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் புயல் ஓயக் காத்திருந்திருக்கிறேன். அங்கே பார்த்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும்.

முதலாவது, கண்ணோரச் சுருக்கங்கள். அவற்றைக் கருங்கோடுகளாக வரைந்திருக்கிறீர்கள். பனியின் கூச்சத்தில் கண்களை இடுக்கிக்கொண்டே பல நாள் இருக்கும்போது, சுருக்கத்தின் மேடுகள் வெயிலில் கறுத்துவிடும். மடிப்புக்குள் வெயில் புகாது. ஆகவே அவர் சிரிப்பை நிறுத்தி முகத்தைத் தளர்த்தும்போது, கண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிய வெளிறிய கோடுகள் விசிறிபோலக் கிளம்பும். எங்கள் குழுவில் ஒருவர் முகத்தில் அந்த வெண்கோடுகளை ஐந்து வரை எண்ணியிருக்கிறேன். உங்கள் படத்தில் டென்சிங் முழுச் சிரிப்பில் இல்லை, சிரித்து முடிக்கும் நிலையில் இருக்கிறார். அங்கே கோடுகள் வெளிறியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணாடி மறைத்த பகுதி. நெற்றியும் கன்னமும் மூக்கின் நுனியும் நன்றாகக் கறுத்திருக்கும்; கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தன் சொந்த நிறத்தில் இருக்கும். அந்த எல்லை கத்தியால் வெட்டினாற்போல இருக்காது, கண்ணாடி அங்குமிங்கும் நகர்வதால் கலங்கிய விளிம்பாக இருக்கும். மூக்கின் மேல்தோல் உரிந்திருக்கும். உதடுகள் வெடித்திருக்கும்; மூச்சுக்காக எப்போதும் சற்றே திறந்திருக்கும். உங்கள் படத்தில் உதடுகள் அழகாக மூடியிருக்கின்றன. அவ்வளவு உயரத்தில் வாயை மூடிக்கொண்டு எவராலும் நிற்க முடியாது.

மூன்றாவதாகச் சொல்வது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம். கழுத்தில் அந்தத் துணியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1952 வசந்த காலத்தில் சுவிட்சர்லாந்துக் குழுவோடு சென்ற டென்சிங், ரேமண்ட் லாம்பேர் என்ற வழிகாட்டியோடு ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை ஏறிவிட்டு, உச்சிக்கு 250 மீட்டர் இருக்கும்போது திரும்ப வேண்டியதாயிற்று. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் அவர்களுக்கிடையே அப்படியொரு நட்பு. லாம்பேர் தந்த சிவப்புக் கழுத்துத்துணியைத்தான் அடுத்த ஆண்டு உச்சியில் டென்சிங் அணிந்திருந்தார். தலையில் இருந்த கம்பளிக் குல்லாயும் எர்ல் டென்மன் விட்டுச்சென்றது. 1947இல் அனுமதியின்றித் திபெத் வழியாக எவரெஸ்டுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர் அந்த டென்மன், உடன் சென்றவர்களில் ஒருவர் டென்சிங். அதாவது தன்னோடு ஏறி, உச்சியைத் தொடாமல் திரும்பியவர்களின் பொருள்களை உடம்பில் சுமந்துகொண்டுதான் அவர் மேலே போனார். உருவப்படத்தில் இதைவிட முக்கியமாக வேறு எதை வரைவது என்று எனக்குத் தெரியவில்லை.

1935இல் சுமைதூக்கியாகத் தொடங்கி, 1953இல் சென்றது எவரெஸ்டுக்கு அவருடைய ஏழாவது பயணம். ஒளிப்படத்தில் நாம் பார்க்கும் சிரிப்பு பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தவரின் சிரிப்பு. உங்கள் படத்தில் இருப்பவர் மிகவும் இளையவராகத் தெரிகிறார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது.

மெல்லியகோடு (கேட்டவர்)

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சுருக்கங்கள் வெளிறியிருக்கும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. ஒளிப்படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்; ஒன்றில் தெளிவாகவே தெரிகிறது. கண் முன்னால் இருந்ததைக் காணாமல், எனக்குத் தெரிந்த சுருக்கத்தை வரைந்திருக்கிறேன். ஒரே ஐயம்: ஏற்கெனவே நிழல் போட்ட இடத்தில் அவ்வளவு மெல்லிய வெண்கோட்டை எப்படிக் கொண்டுவருவது? ரப்பரின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக்கினாலும் தடித்தே விழுகிறது. சிவப்புத் துணியைச் சாம்பல் நிறத்தில் எப்படிச் சிவப்பென்று உணர்த்துவது என்றும் புரியவில்லை.

பதில்: நிழற்கோடு

வெண்கோட்டை நிழலுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, தாளின்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, சுருக்கம் வர வேண்டிய இடத்தில் நிதானமாக ஒரு கோடு இழுத்தால் தாளில் நூலளவு பள்ளம் விழும். அதன்மேல் பென்சிலைச் சாய்த்துத் தீட்டும்போது முனை பள்ளத்துக்குள் இறங்காது. கோடு வெண்மையாகவே நிற்கும். புருவத்தில் ஒட்டிய பனித்துகளுக்கும் மீசை முடிக்கும் இதே வழிதான். உங்கள் படத்தில் இனி அது இயலாது. இரண்டு வாரங்கள் கூடுதலாக ஆகுமென்றாலும் புதிய தாளில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. முகச்சாயல் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டதால் இரண்டாம் முறை கை தயங்காது.

துணியைச் சிவப்பென்று காட்ட முயல வேண்டாம். கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஓர் இடைச்சாம்பல், அவ்வளவுதான். குளிராடையைவிட ஒரு படி அடர்த்தியாக, முகத்தின் நிழலைவிட ஒரு படி வெளுப்பாக வைத்து, அதன் முடிச்சையும் மடிப்பையும் மட்டும் உடையின் எந்தப் பகுதியையும்விடக் கவனமாக வரையுங்கள். கண் தானாக அங்கே போகும்.

பதில்: தாளோடு வாழ்பவர்

கையெழுத்தைப் பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இந்த இழையின் உயிர்நாடியாகப் படுகிறது.

மலையேற்றத்துக்கும் வரைகலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. எட்வர்ட் விம்பர் மலை ஏறுவதற்காக ஆல்ப்ஸுக்குப் போகவில்லை. மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலாளியான அவரை, 1860இல் இருபது வயதில், லண்டன் பதிப்பாளர் ஒருவர் மலைகளை வரைந்துவர அனுப்பினார். வரைவதற்காக உற்று உற்றுப் பார்த்த மலைகள் அவரைப் பற்றிக்கொண்டன. 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட எழுவரில் அவர் ஒருவர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர்.

நம் மண்ணோடு தொடர்புடைய இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹோவர்ட் சோமர்வெல் அறுவை மருத்துவர்; 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் இருந்தவர்; இமயத்தையும் திபெத்தையும் நிறைய ஓவியங்களாக்கியவர். 1924இல் சக மலையேறி நார்டனோடு ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி அளவுக்கு ஏறியபோது, தொண்டையின் உட்சவ்வு உறைந்து மூச்சை அடைத்து, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மருத்துவமனையின் நிலையைக் கண்டு, அங்கேயே பணிசெய்ய முடிவெடுத்துப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அதே 1924 பயணத்தில் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மல்லோரி, தன் கடைசி ஏற்றத்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் கேமராவும் சோமர்வெல் இரவல் தந்ததுதான். அந்தக் கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. சோமர்வெல்லின் ஓவியங்கள் கிடைத்திருக்கின்றன.

பார்த்து வரைவது நகல்தானே என்றாரே உங்களுக்கு நெருங்கியவர், அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கேமரா நொடியில் ஒரு பங்கு நேரம் அந்த முகத்தைப் பார்த்தது. நீங்கள் ஆறு வாரம் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அந்தக் கழுத்துத்துணியின் கதை தெரிந்த பிறகு மீண்டும் பார்க்கப்போகிறீர்கள். மூன்று ஒளிப்படங்களிலிருந்து எந்தச் சிரிப்பை எடுப்பது, எந்த வயதை எடுப்பது, உச்சியில் யாருமே பார்த்திராத முகத்தை எப்படிக் கற்பனை செய்வது என்பதெல்லாம் உங்கள் முடிவு. கையெழுத்துப் போடுங்கள். அதே கையோடு, படத்தின் பின்பக்கத்தில், எந்த ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்தீர்கள், எடுத்தவர் பெயர் தெரிந்தால் அது, வரைந்த ஆண்டு, பயன்படுத்திய பென்சில், தாள் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். உருவப்படங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: பின்பக்கம் வெறுமையாக வரும் படங்கள்தான் எங்களைக் கலங்கவைப்பவை. வரைந்தவர் யார் என்றே தெரியாமல் போன நல்ல படங்கள் எத்தனையோ. படத்தை அச்சிட்டு விற்கப்போவதானால் ஒளிப்படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதென்று பார்த்து அனுமதி பெறுவது அவசியம். 1953 பயணத்தின் படங்கள் லண்டனில் உள்ள ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் பாதுகாப்பில் இருக்கின்றன.

எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். முகத்தின் அருகிலோ பனியின் வெண்மைமீதோ வேண்டாம். கீழ் வலப்புறம், குளிராடையின் மடிப்பு முடியும் இடத்தில், எச்பி பென்சிலால் சிறியதாக. சட்டமிடுபவர் அட்டையை வைத்து மறைத்துவிடாதபடி விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி எழுதுங்கள்.

மெல்லியகோடு (கேட்டவர்)

புதிய தாளில் தொடங்கி இன்றோடு பதினாறு நாள். முதல் நாள் பென்சிலையே தொடவில்லை. மை தீர்ந்த பேனாவால் கண்ணோரங்களில் பக்கத்துக்கு நான்கு கோடுகளை இழுத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் 2பி அவற்றின்மேல் போனபோது கோடுகள் ஒவ்வொன்றாக வெளுத்து எழுந்ததைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

தாடையின் அடிப்பகுதியை வெளிச்சமாக்கியதும் முகம் வெளியே வந்துவிட்டது. வானத்தை இருட்டாக்கத்தான் மிகவும் பயந்தேன். மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டு, நேற்றுத் துணிந்து நிரப்பினேன். தோளுக்குப் பின்னால் விட்ட வெள்ளை இப்போது பனியாகத் தெரிகிறது. உதடுகளைத் திறந்துவிட்டேன், கீழுதட்டில் ஒரு வெடிப்பும் இருக்கிறது. தலையுறையின் இருட்டுக்கு இந்த முறை முதலிலேயே கார்பன் பென்சிலை எடுத்ததால் மினுமினுப்பு இல்லை.

கழுத்துத்துணி மட்டும் பாக்கி. அதன் முடிச்சை உச்சிப் படத்தில் காண முடியாததால், என் கழுத்திலேயே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் அமர்ந்து வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் படத்தைத் திருப்பி, லாம்பேரின் பெயரையும் சேர்த்துப் பின்பக்கக் குறிப்பை எழுதிவிட்டு, இங்கே பதிவிடுகிறேன்.